முன்வரிசையா, நிழலா, மாலை நுழைவா: கோடை இசை விழாவில் எங்கே நிற்பது?

கோடையில் திறந்தவெளி இசை விழாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, விழா நெருங்க நெருங்க வெயிலைப் பார்த்து மிரள்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பொருட்களைப் பற்றியவை. கழுத்தில் மாட்டும் மின்விசிறி வாங்கலாமா? ஈரத்துண்டு போதுமா? எந்த மாதிரித் தொப்பி? கேட்பதில் தவறில்லை. ஆனால் நண்பகலில் கதவு திறந்ததும் ஓடிப்போய் மேடைக்கு முன்னால் இடம்பிடித்து, கடைசிக் குழு ஏறும் இரவுவரை அசையாமல் நிற்கப்போகிறவருக்கு எந்த விசிறியும் பெரிதாக உதவாது. எங்கே நிற்கிறோம், எத்தனை மணி நேரம் நிற்கிறோம், முடியாமல் போனால் எவ்வளவு சீக்கிரம் வெளியே வரலாம் என்பவைதான் முக்கியம். பொருளெல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே இங்கே எடைபோடுவது நான்கு வழிகளை. ஒன்று, முன்வரிசையில் வேலியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பது. இரண்டு, நிழலில் ஓர் இடத்தைத் தளமாக்கிக்கொண்டு வேண்டிய நிகழ்ச்சிகளுக்கு மட்டும் போய்வருவது. மூன்று, வெயில் தாழ்ந்த பிறகே உள்ளே நுழைவது. நான்கு, கூடுதல் பணம் கட்டி விஐபி பகுதியின் நிழலை வாங்குவது.

## எதை வைத்து எடைபோடுவது

தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடம்பின் சூட்டைக் காற்றே கொண்டுபோகும். காற்று அதைத் தாண்டிவிட்டால் மிச்சமிருப்பது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தால் தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம், குளிர்ச்சி இல்லை. புழுக்கமான 33 டிகிரி வறண்ட 38 டிகிரியைவிட மோசமாக இருப்பது இதனால்தான்.

வானிலை அறிக்கையில் வரும் ‘உணரும் வெப்பம்’ நிழலில், லேசான காற்றில் இருப்பவருக்காகப் போட்ட கணக்கு. முழு வெயிலில் நின்றால் அதற்கு மேல் 8 டிகிரிவரை கூடலாம் என்கிறது அமெரிக்க தேசிய வானிலைச் சேவை. விளையாட்டு வீரர்களுக்கும் வெளிவேலை செய்பவர்களுக்கும் பயன்படும் டபிள்யூபிஜிடி (WBGT) என்ற அளவு இன்னும் நேர்மையானது. 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வெயிலில் சுருண்டு விழுந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க உருவானது. அதில் ஈரப்பதத்தைக் காட்டும் அளவுக்கு 70 சதவீத எடை, வெயிலின் கதிர்வீச்சுக்கு 20, நாம் எப்போதும் பேசும் காற்றின் வெப்பநிலைக்கு வெறும் 10. உங்கள் வானிலைச் செயலியில் அந்த அளவு கிடைத்தால் அதைப் பாருங்கள்.

இதிலிருந்து நம் அளவுகோல்கள் வந்துவிடுகின்றன. நேரடி வெயிலில் எத்தனை மணி நேரம், காற்று வருகிறதா, நெரிசல் அடைக்கிறதா, தண்ணீரும் கழிப்பறையும் எவ்வளவு தூரம், வெளியே வர எவ்வளவு நேரமாகும், இசையில் எதை இழக்கிறோம், செலவு எவ்வளவு. காலடித் தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புல்தரையும் தார்த்தரையும் ஒன்றல்ல. 1999 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் நடந்த உட்ஸ்டாக் விழாவுக்குக் கிடைத்த இடம் பழைய விமானப்படைத் தளம். பரந்து கிடந்த தாரும் கான்கிரீட்டும், 38 டிகிரியை ஒட்டிய வெயில், இரண்டு பெரிய மேடைகளுக்கு நடுவே நெடுநடை, போதாக்குறைக்குக் குடிநீரின் விலை. அந்த விழா கலவரத்தில் முடிந்ததற்குக் காரணங்கள் பல. தரையும் தண்ணீரும் அவற்றில் உண்டு.

## முன்வரிசை

இதை விரும்புகிறவரிடம் வாதம் செய்து பயனில்லை. பிடித்த பாடகர் பத்தடி தூரத்தில் நிற்பதற்கு மாற்று கிடையாது. ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு கொடுக்கலாம்.

சும்மா இருக்கும் ஒரு மனித உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆடும்போது அது பல மடங்காகும். நான்கு பக்கமும் ஆட்கள் நெருக்கினால் அந்தச் சூடு உங்கள்மேல் வரும், அவர்களின் வியர்வையால் காற்றில் ஈரம் ஏறும், வீசும் காற்றும் தடைபடும். மைதானத்தின் ஓரத்தில் வெறும் வெயிலாக இருப்பது நடுக்கூட்டத்தில் வேகும் புழுக்கமாகிவிடும். வேலியை ஒட்டி நிற்பவருக்கு ஒரு வசதி உண்டு. முடியவில்லை என்று கை தூக்கினால் எதிரே நிற்கும் பாதுகாவலர்கள் தூக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். பல பெரிய விழாக்களில் அவர்களே தண்ணீரும் நீட்டுவார்கள். உண்மையில் மோசமான இடம் வேலிக்குச் சற்றுப் பின்னால், ஐந்தாம் வரிசையிலிருந்து தொடங்குகிறது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது, யார் கண்ணிலும் படமாட்டீர்கள்.

தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய 240 மி.லி. அப்படியென்றால் மணிக்குக் குறைந்தது முக்கால் லிட்டர். ஆறு மணி நேரத்துக்கு நான்கரை லிட்டர், அதாவது நான்கரை கிலோ. முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பைகளில் பல இரண்டு லிட்டரோடு நின்றுவிடும். அடுத்து வருவது வெளியே யாரும் பேசாத சிக்கல்: குடித்தால் கழிப்பறை போக வேண்டும், போனால் இடம் போய்விடும். அதனால் முன்வரிசைக்காரர்கள் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறார்கள், பெண்கள் இன்னும் அதிகமாக. முன்வரிசையில் மயங்கி விழுபவர்களுக்கு இந்த வழக்கம் வெயிலுக்குத் துணை போகிறது. இன்னொரு துணை, அசையாமல் நிற்பது. ரத்தம் கால்களில் தேங்கி, தலைக்குப் போவது குறைந்து கண் இருட்டும். குதிகாலை உயர்த்தித் தாழ்த்திக்கொண்டே இருந்தால் ஓரளவு தப்பலாம்.

ஒலியும் அங்கே சிறப்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒலிப்பொறியாளர் தன் மேசை இருக்கும் இடத்தில், மைதானத்தின் நடுவில், தன் காதில் விழுவதை வைத்தே ஒலிகளைச் சேர்க்கிறார். வேலியருகே அடித்தாளம் நெஞ்சைத் தட்டும், சமயத்தில் பாட்டு வரிகள் தேய்ந்துபோகும்.

முன்வரிசை சரியான தேர்வாகும் நாட்களும் உண்டு. மேகமூட்டம், முப்பதுக்குக் கீழே வெப்பம். அல்லது நீங்கள் காத்திருக்கும் குழு இரவில்தான் வருகிறது, அதற்கு முந்தைய நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலையும் இடைவெளியில் முன்னேற முடியும் என்ற நிலை. மேடை எந்தத் திசையில் என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். மேடை மேற்கே இருந்தால் பிற்பகலில் கண் கூசும், ஆனால் சூரியன் இறங்கும்போது மேடையின் நிழல் முதலில் விழுவது முன்வரிசைமேல்தான். மேடை கிழக்கே இருந்தால் மாலைவரை முதுகும் பிடரியும் வேகும், நிழலென்று எதுவும் வராது.

## நிழலில் தளம்

நான்கில் என் ஓட்டு இதற்குத்தான், குறிப்பாகக் காலையிலிருந்து இரவுவரை பல மேடைகள் ஓடும் விழாக்களில்.

உடம்புக்கு வெப்பத்தைத் தாங்கத் தெரியும். இடைவிடாமல் தாங்கத்தான் தெரியாது. ஒரு குழுவை வெயிலில் நின்று கேட்டால், அடுத்ததை நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தூரத்து ஒலியாகக் கேட்கலாம். கடும் வெப்ப நாட்களில் பகலில் இரண்டு மூன்று மணி நேரமாவது குளிர்ந்த இடத்தில் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். விழாவில் அதை ஒரே மூச்சில் செய்ய முடியாதவர் துண்டு துண்டாகவாவது செய்யலாம். உச்சியில் சூரியன் இருக்கும்போதுதான் புற ஊதாக் கதிர் உச்சம். காற்றின் சூடு உச்சத்தை எட்டுவது அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. ஆகவே நிழலில் கழிக்க ஒரே ஒரு பகுதிதான் கிடைக்கும் என்றால் நண்பகலிலிருந்து நான்கு மணிவரையிலான நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா நிழலும் ஒன்றல்ல. மரத்தின் இலைகள் நீரை ஆவியாக்கித் தம்மைத் தாமே குளிர்வித்துக்கொள்கின்றன. தகரக் கூரையும் பிளாஸ்டிக் துணியும் சூடாகி, அந்தச் சூட்டைக் கீழே இறக்குகின்றன. தாழ்வான பந்தலுக்குள் காற்றும் இல்லையென்றால் வெளியே மெல்லிய காற்றில் நிற்பதே மேல். மரம் கிடைத்தால் அதன் கிழக்குப் பக்கம் உட்காருங்கள். காலையில் அங்கே வெயில் அடிக்கும், மற்றவர்கள் மேற்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டு மணிக்கு மேல் நிழல் உங்கள் பக்கம் நகர்ந்து வரும், அவர்களும் பின்னாலேயே வருவார்கள். மரமே இல்லாத மைதானத்தில் ஒலிப்பொறியாளரின் மேடைக் கட்டுமானத்தைத் தேடுங்கள். அதன் பக்கவாட்டில் ஒரு துண்டு நிழல் விழும், மைதானத்திலேயே சிறந்த ஒலியும் அங்கேதான்.

மறைந்திருக்கும் செலவு, ஆள் காவல். இடத்தையும் பைகளையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். முறைவைத்துப் பிரித்துக்கொள்ளாவிட்டால் எப்போதும் ஒரே நல்லவர் மாட்டிக்கொள்வார், அவருக்குப் பிடித்த குழுவும் அப்போதுதான் பாடும். கூட்டம் அதிகமானால் செல்பேசி இணைப்பு திணறும். சந்திக்கும் நேரத்தையும் இடத்தையும் வாயாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடையும் கூடும். மேடைக்கும் மரத்துக்கும் இடையே நாள் முழுக்க நடப்பதும் உடம்பைச் சூடாக்கும் வேலைதான், ஆகவே தளம் உங்கள் முக்கிய மேடைக்குப் பக்கமாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய்க்கும் அதற்கும் நடுவில் கிடைத்தால் இன்னும் நல்லது.

தனியாக வருபவருக்கு இந்த வழி கொஞ்சம் கஷ்டம். இடத்தைப் பிடித்துவைக்க ஆளில்லை என்பதால் பையைச் சிறிதாக்கி, நிலையான தளம் இல்லாமல் நிழலிலிருந்து நிழலுக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

## மாலை நுழைவு

கேட்பதற்கு மிகப் புத்திசாலித்தனமாக இருக்கும் வழி இது. ஒருநாள் விழாவாக இருந்து, பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் கடைசி மூன்று மணி நேரத்தில் வருகிறார்கள் என்றால் உண்மையிலேயே புத்திசாலித்தனம்தான். குழந்தைகளோடு வருபவர்களுக்கும், மருந்து எடுப்பவர்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பொறி வாசலில் இருக்கிறது. உங்களைப் போலவே யோசித்தவர்கள் எல்லாரும் அதே நேரத்தில் வருவார்கள். சோதனை வரிசை நிழலே இல்லாத தார்ச்சாலையில் வளைந்து வளைந்து நிற்கும். மாலை ஐந்து மணிக்குக் கதிர் குறைந்திருக்கும், ஆனால் பகலெல்லாம் வெயிலைக் குடித்த தரை அந்தச் சூட்டைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். வரிசையில் குடிக்கத் தண்ணீர் வைத்துக்கொண்டு, வாசலில் காலிசெய்யும் வகையில் வாருங்கள். காலிப் புட்டியை உள்ளே விடுவார்களா என்பதை டிக்கெட் விதிகளில் முன்பே படித்துவிடுங்கள். 2023 நவம்பரில் ரியோ டி ஜெனீரோவில் விளையாட்டரங்கக் கச்சேரி ஒன்றுக்கு வந்த 23 வயது ரசிகை வெப்பத்தால் உயிரிழந்த பிறகுதான், தண்ணீர்ப் புட்டிகளை உள்ளே அனுமதிக்க வேண்டும் என்று பிரேசில் அரசு உத்தரவிட்டது. விதி இடத்துக்கு இடம் மாறும்.

இழப்பும் சின்னதில்லை. பகல் நேரம் புதியவர்களின் நேரம். பெயர் தெரியாத ஒரு குழுவைச் சிறு மேடையில் கண்டுபிடிக்கும் சுகத்துக்காகவே விழாவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாலை நுழைவு என்பது முழு டிக்கெட்டுக்குப் பாதி விழா.

## காசு கொடுத்து வாங்கும் நிழல்

விஐபி டிக்கெட்டில் ‘நிழல்’ என்ற சொல் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பல நேரம் கூரை இருப்பது மதுக்கூடத்துக்கு மட்டும், இருக்கைகள் வெட்டவெளியில். வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பிற்பகல் மூன்று மணிக்கு இருக்கைகள்மேல் நிழல் விழுமா, குடிநீர் இலவசமா, கழிப்பறை தனியா. மூன்றுக்கும் ஆம் என்றால், வயதானவரை அழைத்துவருபவருக்கும் கர்ப்பிணிக்கும் அந்தக் கூடுதல் பணம் நியாயமானது. இரண்டு கேள்விக்கோ மூன்றுக்குமோ ‘இல்லை’ என்ற பதில் வந்தால் நீங்கள் வாங்குவது கையில் கட்டும் வேறு நிறப் பட்டை.

மது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் ஒரு செலவுதான். அது சிறுநீரைக் கூட்டும், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற நம்பிக்கையையும் கூட்டும்.

## ஒரே பார்வையில்

| | முன்வரிசை | நிழலில் தளம் | மாலை நுழைவு | விஐபி பகுதி |
|---|---|---|---|---|
| நேரடி வெயில் | மிக அதிகம் | நடுத்தரம், உங்கள் கையில் | குறைவு, வாசல் வரிசை தவிர | கூரையைப் பொறுத்தது |
| காற்று | இல்லை | பெரும்பாலும் உண்டு | கூட்டத்தைப் பொறுத்தது | உயரமான தளமானால் நன்று |
| தண்ணீர், கழிப்பறை | எட்டாது | எட்டும் | எட்டும், இரவில் வரிசை நீளும் | மிக எளிது |
| வெளியேறுவது | வேலியில் எளிது, அதற்குப் பின்னால் கடினம் | எளிது | எளிது | மிக எளிது |
| இழப்பது | மற்ற மேடைகள் | நெருக்கம் | பகல் நிகழ்ச்சிகள் | பணம், கூட்டத்தின் உற்சாகம் |
| யாருக்கு | ஒரே ஒருவருக்காக வந்தவர் | நாள் முழுக்க இருப்பவர், நண்பர் குழு | குழந்தையோடு வருபவர், மருந்து எடுப்பவர் | வயதானவர், கர்ப்பிணி |

கலந்தும் செய்யலாம். பகல் முழுதும் மரத்தடி, கடைசி நிகழ்ச்சிக்கு மட்டும் கூட்டத்துக்குள் நுழைவது என்ற கலவையில் இழப்பு ஏறக்குறைய இல்லை.

## இப்போது பொருட்கள்

மின்விசிறி குளிர்ந்த காற்றை உண்டாக்குவதில்லை, இருக்கும் காற்றை நகர்த்துகிறது. புழுக்கத்தில் தோலை ஒட்டியுள்ள ஈரக்காற்றை விரட்டுவதால் நன்றாகவே வேலைசெய்யும். காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி உடம்பைச் சூடாக்கவே செய்யும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈரத்துண்டும் நீர்த்தெளிப்பானும் வறண்ட வெயிலில் அருமை, புழுக்கத்தில் வெறும் ஈரம்.

கழுத்தில் சுற்றும் குளிர்பட்டையில் எனக்கு ஒரு சந்தேகப் பார்வை உண்டு. இதமாக இருக்கும், ஆனால் உடம்பின் உள்வெப்பத்தை அது பெரிதாகக் குறைப்பதில்லை. குளிர்ந்துவிட்டோம் என்று நம்பி இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கத்தான் பலருக்கு அது உதவுகிறது. செலவில்லாமல் நிஜமாகவே குளிர்விக்கும் வழி ஒன்று இருக்கிறது: கைகளை முழங்கைவரை குளிர்ந்த நீரில் பத்து இருபது நிமிடம் அமிழ்த்துவது. தீயணைப்பு வீரர்கள் பயிற்சி இடைவேளையில் செய்வது இதைத்தான்.

குடை நல்ல நிழல், ஆனால் பின்னால் நிற்பவரின் பார்வையை மறைப்பதால் பல விழாக்களில் தடை. அகல விளிம்புத் தொப்பியும் தளர்ந்த முழுக்கைச் சட்டையும் எங்கும் செல்லும். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூச வேண்டும். வெயிலில் வெந்த தோலால் உடம்பைச் சரியாகக் குளிர்விக்க முடியாது.

குடிப்பதில் வெறும் தண்ணீரா, உப்பும் சர்க்கரையும் கலந்ததா என்ற கேள்வி. இரண்டு மணி நேரத்துக்குள் முடிவதென்றால், இடையில் ஏதாவது சாப்பிடுவதென்றால், தண்ணீரே போதும். பல மணி நேரம் வியர்ப்பவருக்கு உப்பும் வேண்டும். ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. விளையாட்டுப் பானங்கள் பெரும்பாலானவற்றில் அதில் மூன்றில் ஒரு பங்கு கூட இருக்காது, இனிப்பு மட்டும் இருக்கும். பயத்தில் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகலாம்; தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அது பார்வைக்கு வெப்பத் தளர்ச்சி போலவே இருப்பதால் இன்னும் குடிக்கச் சொல்லிவிடுவார்கள். விழாக்களில் புழங்கும் எம்டிஎம்ஏ போன்ற போதைப்பொருள்கள் உடல் வெப்பத்தை ஏற்றுவதோடு நீர் வெளியேறுவதையும் தடுப்பதால், எடுத்தவருக்கு இரு பக்கமும் அடி.

## கணக்கு மாறும் ஆட்கள்

குளிர்ந்த ஊரிலிருந்தோ குளிர்சாதன அறையிலிருந்தோ நேராக வருபவருக்கு உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். உள்ளூர் நண்பர் தாங்குகிறார் என்பதால் தானும் தாங்கலாம் என்று முன்வரிசைக்குப் போகக் கூடாது. சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், சில ஒவ்வாமை மாத்திரைகள், பீட்டா பிளாக்கர் எனும் ரத்த அழுத்த, இதய மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள், லித்தியம் ஆகியவை வியர்வையையோ நீர்ச்சத்தையோ ரத்த ஓட்டத்தையோ மாற்றுபவை. நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். இவர்களுக்கெல்லாம் மேலே உள்ள அட்டவணையில் ‘முன்வரிசை’ என்ற வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தவருக்கும் அப்படியே.

பலநாள் விழாவில் கூடாரத்தில் தங்குபவர்கள் இரவுத் தூக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெயில் பட்ட மூடிய கூடாரம் வெளியைவிடச் சூடாகும். காலை ஏழு மணிக்கே எழுப்பிவிடும். கிழக்கே ஏதாவது மறைப்பு உள்ள இடமாகப் பார்த்து அடியுங்கள். தூக்கம் கெட்ட மறுநாள் முன்வரிசைக்குப் போவது, முதல் நாள் போவதைவிட ஆபத்து.

## உடம்பு கைவிட்டால்

தலைசுற்றல், குமட்டல், கொட்டும் வியர்வை, தளர்ச்சி: இது வெப்பத் தளர்ச்சி. நிழல், படுக்கவைத்துக் காலை உயர்த்துதல், கொஞ்சம் கொஞ்சமாக நீர் என்று பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தெளியும். தெளியாவிட்டால் மருத்துவக் கூடாரம்.

பேச்சு குழறுகிறது, தள்ளாடுகிறார், எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை என்றால் அது வெப்பவாதம். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். தோல் வறண்டிருக்கும் என்று காத்திருக்காதீர்கள், ஆடிக் களைத்தவருக்கு வியர்வை நிற்காமலே இது வரும். அவசர உதவியை அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை குளிர்வியுங்கள். பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டி கிடைத்தால் தலை மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு கழுத்துவரை இறக்குவது சிறந்தது. இல்லையென்றால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி போர்த்தி, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலைசெய்யாது. எந்த நேரத்தில் குழப்பம் தொடங்கியது, என்ன குடித்தார், என்ன மருந்து எடுப்பவர் என்பதை மருத்துவக் குழுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.